ப்ளூஸ் பாட்டுக்கு மாமி போட்ட தாளம்

அன்று அந்த ஸ்டூடியோவில் இருந்தது ஐந்து பேர்: அங்கே துப்புரவு வேலை செய்த மாமா, வீட்டுக் கதவுத் திறப்பை அவர் மறதியாகக் கொண்டுபோய்விட்டதால் கிங்ஸ்பரியிலிருந்து பஸ் ஏறி வந்த மாமி, மாமியின் கையைப் பிடித்தபடி நான், கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்த வெள்ளைக்காரப் பெடியன், பிறகு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கறுப்பினக் கிழவர். அவர் ஆயுள் முழுக்க ப்ளூஸ் என்கிற அவர்களுடைய சோகப் பாட்டுப் பாடினவராம். புது ஆல்பத்துக்கு இன்னும் ஒரேயொரு பாட்டுத்தான் மிச்சம்.

அந்தப் பாட்டுக்குக் கைதட்ட வேண்டியவர்கள் வரவில்லை. பெடியன் எங்களைப் பார்த்தான். மாமாவிடம் ஏதோ கேட்டான்.

"கை தட்ட ஏலுமோ எண்டு கேக்கிறான்," என்றார் மாமா.

"உதென்ன கேள்வி? வெள்ளிக்கிழமை பஜனையில பின்னை ஆர் தட்டிறது?"

மாமி கைப்பையை என்னிடம் தந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மைக்குக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

கிழவர் கிற்றாரோடு பாடத் தொடங்கினார். மாமி தட்டினார். பெடியன் நிறுத்தினான். திரும்பத் தொடங்கினார்கள், திரும்பவும் நிறுத்தினான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாமாவின் வேலை போகப்போகிறது. வேலை போனால் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடக்கிற எங்கள் அகதிப் பைலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அடுத்த கிழமை எல்லோரும் ஊருக்குப் பிளேனில்.

"என்ரை வேலையில மண் போடாதையப்பா," என்று மாமா கெஞ்சினார்.

"எனக்கேன் சொல்லுறியள்? உந்த மனுசனுக்குத் தாளம் நிக்குதில்லை. அதை அவருக்குச் சொல்லுங்கோ."

மாமி என்ன சொல்கிறார் என்று கிழவர் கேட்டார். பொய் சொல்லுமளவுக்கு மாமாவுக்கு இங்கிலீஷ் காணாது. உள்ளதையே சொல்லிவிட்டார்.

கிழவர் தொடையில் அடித்துச் சிரித்தார். முதலில் நீங்களே தட்டுங்கள் என்று மாமிக்குக் கையைக் காட்டினார். மாமி தட்டினார். அவர் உடனே தொடங்கவில்லை. தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சட்டென்று பாட்டுக்குள் இறங்கினார். பெடியன் தலையிலிருந்து கையை எடுத்தான். என் கால் தானாக ஆடியது. மாமா நிலம் துடைக்கிற மொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் ஆடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாட்டு முடிந்ததும் மாமி செருப்பைக் கொளுவிக்கொண்டே என்னிடம் குனிந்தார்.

"பாத்தியே பிள்ளை, இப்பதான் மனுசனுக்குத் தாளம் பிடிபட்டிருக்கு."

நானும் அப்படியே நம்பினேன். எங்கள் மாமி அமெரிக்கக் கிழவர் ஒருவருக்குத் தாளம் பழக்கினவர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உண்மையில், பஜனையில் ஒன்று என்று எண்ணும்போது விழுகிற தட்டு, கிழவருடைய பாட்டில் இரண்டு என்று எண்ணும்போதுதான் விழவேண்டும். மாமியைத் திருத்த மனமில்லாமல், மாமியின் தட்டு இரண்டில் விழட்டும் என்று தன் பாட்டையே ஓர் எண்ணிக்கை தள்ளித் தொடங்கியிருக்கிறார் மனுசன். இதெல்லாம் எனக்கு அப்போது விளங்கவில்லை. மாமிக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொல்ல எனக்குப் பயம்.