நீட்டுக் காரின் முகம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஜெர்மனியின் ஹம் நகரில் இருந்த தமிழ்க் கடைக்குப் பின்னால், வாகனத் தரிப்பிடத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அமெரிக்கக் கார்களைப் பற்றி விவாதம் நடக்கும். விவாதிப்பவர்கள் இருவர். மற்றவர்கள் கடையில் வாங்கிய மீன் ரோல்சைக் கடித்தபடி நின்று கேட்போம். ஜெர்மன் கார்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. அவை எங்கள் எல்லோரிடமும் இருந்தன, பழுதாகாமல் ஓடின. அதில் கதைக்க என்ன இருக்கிறது?

முதலாமவர் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தெற்கே முகாமைக் காலி செய்து ஊர் திரும்பிய ஒரு அமெரிக்கச் சிப்பாயிடம் எழுபதுகளின் ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கியிருந்தார். இரு பக்கமும் மரப்பலகை போல ஒட்டுத்தாள். எந்தத் தரிப்பிடத்தில் விட்டாலும் வால் வெளியே நிற்கும். முன் விளக்குகளுக்கு இமை மாதிரி மூடி உண்டு. என்ஜினை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் இடது இமை மட்டும் தானாக மெல்லத் திறக்கும். நாங்கள் அதை நீட்டுக் கார் என்றோம்.

இரண்டாமவர் முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. அவருடையதும் அமெரிக்க வாகனம்தான், ஆனால் புதிய வான். அதில் கோப்பை வைக்கும் குழிகள் ஏழு இருந்தன. ஒவ்வொரு குழியையும் எங்களுக்குக் காட்டியிருக்கிறார்.

நீட்டுக் காரருக்கு அமெரிக்காவின் நல்ல காலம் எழுபதுகளோடு முடிந்துவிட்டது. வானின் கதவைச் சாத்தி, காதைக் கொடுத்துக் கேட்பார். "உது கதவோ, பிஸ்கற் ரின்னோ?" என்பார். வான்காரர் கோபிப்பதில்லை. "அண்ணை, உங்கடை மரப்பெட்டியைத் துடைக்கிறதோ, சீவுளி போடுறதோ?" என்று கேட்பார். பழையதில் இரும்பு தடிப்பு, புதியதில் எல்லாம் பிளாஸ்டிக். பழையது ஆடி ஆடி வளையும், புதியது சொன்னபடி திரும்பும். இவை வாராவாரம் வரும். தீராத கேள்வி ஒன்றுதான்: காரின் அழகு எங்கே இருக்கிறது?

"முகத்திலை," என்பார் நீட்டுக் காரர்.

"முகத்தை ஆர் அண்ணை பாக்கினம்? ரோட்டிலை போறவன் எல்லாம் முன்னுக்குப் போற காரின்ரை பின்பக்கத்தைத்தான் பாத்துக்கொண்டு போறான்."

அந்தக் கோடையில் நீட்டுக் காரரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் தன் காரில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று அவர் குளிர்காலத்திலேயே சொல்லி வைத்திருந்தார். தாய்மாமன் கேட்டால் மறுக்க முடியாது. ஆனாலும் அவருடைய மூத்த அக்கா ஒரு நிபந்தனை போட்டார். வழியில் கார் நின்றுவிட்டால் பிள்ளை வான்காரரின் வானில் ஏறும். வான் பின்னாலேயே வரும். இதைக் கேட்டதிலிருந்து நீட்டுக் காரர் பின்னேரங்களில் வேறெதுவும் செய்யவில்லை. பற்றரி மாற்றினார், குரோமியத்தை மினுக்கினார், இடது இமையைப் பசை வைத்து ஒட்டினார்.

பெண் வீடு ஒரு முட்டுச் சந்தில் இருந்தது. இரு பக்கமும் அயலவரின் கார்கள், கடைசியில் பெண் வீட்டு மதில். கல்யாணக் காலை, வீடியோவில் காரின் முகம் விழ வேண்டும் என்பதற்காக அவர் அதைச் சந்துக்குள் நேரே ஓட்டிவந்து, மூக்கு வாசலைப் பார்க்கும்படி மதிலோடு நிறுத்தினார். கேமராக்காரர் மூக்கில் மினுங்கிய குரோமியக் கம்பிவலையை, அந்தக் கிறிலை மட்டும் மூன்று கோணத்தில் எடுத்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, பெண்ணை நடு ஆசனத்தில் ஏற்றினோம். அவர் என்ஜினை இயக்கி, கியரைப் பின்னுக்குப் போட்டார்.

அக்கா கண்ணாடியில் தட்டினார்.

"தம்பி, பொம்பிளையை வைச்சுக்கொண்டு றிவேர்ஸ் எடுக்கப்போறியோ?"

கல்யாணத்துக்குப் புறப்பட்ட பெண் பின்னால் போகக்கூடாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல்நாள் வரைக்கும் நீட்டுக் காரரின் கவலையெல்லாம் காரின் முகத்தைப் பற்றியே இருந்தது. பெண் இறங்கட்டும், காரை வெளியே எடுத்தபின் திரும்ப ஏறட்டும் என்று நான் சொன்னேன். "ஏறின பொம்பிளை திரும்ப ஏறுறதோ? அப்ப இது ரெண்டாங் கலியாணமோ?" என்று அக்கா கேட்டார். வேறு வாகனத்தில் ஏறினால் அது முதல் தரம்தானே என்று வான்காரர் பணிவாக எடுத்துக் கொடுத்தார். வான் சந்தின் வாயில், முகம் வெளியே பார்க்க, ஏற்கனவே திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது.

அக்கா யோசித்தார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நீட்டுக் காரர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "சரி, இறங்கு பிள்ளை," என்று அக்கா சொல்ல வாயெடுத்தார்.

மணப்பெண் ஜெர்மனியில் வளர்ந்தவள். அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, அரிசிமூட்டை வைக்கிற இடத்திலை மடிச்சுக் கிடக்கிற சீற் பின்னுக்குத்தானே பாக்குது?"

அந்தக் காலத்து அமெரிக்க வேகன்களில் அப்படி ஒன்று உண்டு. கடைசி ஆசனத்தில் இருப்பவர் பின் கண்ணாடி வழியாக, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போவார்.

"நான் அதிலை இருந்தால், கார் றிவேர்ஸிலை போகேக்கை நான் முன்னுக்குத்தானே போறன்."

அக்கா காரைச் சுற்றி வந்தார். பின் கண்ணாடியூடாகப் பார்த்தார். பிறகு, கண்ணுக்கு முன்னால் வழி தெரிந்தால் அது முன்னுக்குப் போவதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். பலகாரத் தட்டுகளை இறக்கி ஆசனத்தை விரித்தோம். பெண் நிலத்தில் கால் படாமல், பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாக ஆசன முதுகின் மேலால் ஏறி அந்தப் பக்கம் விழுந்தாள்.

சந்தின் வாய்க்கு வந்ததும் நீட்டுக் காரர் முன் கியருக்கு மாறப் போனார். இப்போது அக்காவுக்கு முன் பெண்ணே தடுத்தாள். முன்னுக்குப் போனால் அவள் பின்னுக்குப் போவாள். இன்னொரு தரம் ஏறி விழவும் ஏலாது, பூவெல்லாம் கொட்டுண்டு போச்சு என்றாள். மண்டபம் நாலு தெரு தள்ளித்தான். வான்காரர் வழிவிட்டு விலகினார்.

ஆகவே முழுத் தூரமும் றிவேர்ஸிலேயே போனோம். நானும் இன்னொருவரும் வாலுக்கு முன்னால் நடந்து கைகாட்டினோம். வேலி வெட்டிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் கிழவர் கத்தரிக்கோலோடு வந்து, கியர் பழுதோ என்று கேட்டார். நீட்டுக் காரர் கழுத்தைத் திருப்பியபடியே, "நைன். ட்ரடிட்சியோன்," இல்லை, சம்பிரதாயம் என்றார். கிழவருக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த சந்தியில் அவரே நடுவில் நின்று, கத்தரிக்கோலை உயர்த்தி ஒரு ரொட்டி வண்டியை மறித்துத் தந்தார். பெண் கண்ணாடியூடாக அவருக்குக் கும்பிட்டாள்.

பின்னர் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள், கேமராக்காரர் நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். மண்டப வாசலில் அதில் பதிவானது காரின் பின்பக்கமும், கண்ணாடிக்குள் முழங்கால் மடித்து இருந்த மணப்பெண்ணும்தான்.

அடுத்த சனிக்கிழமை நீட்டுக் காரர் வலப்பக்கம் திரும்பிய கழுத்தோடு வந்தார். அதை நேராக்க முடியவில்லை. வான்காரர் ரோல்சைத் தின்று முடித்தார். சொன்னபடி அவர் கல்யாணக் காரின் பின்னாலேயே வந்தவர். அதனால் வழி நெடுக, மூக்கோடு மூக்காக, அந்த முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவரும் அவர் ஒருவர்தான்.

"முகம் நல்ல வடிவுதான் அண்ணை," என்றார் கடைசியில்.

நீட்டுக் காரர் கழுத்து திரும்பாததால் முழு உடம்பையும் திருப்பி அவரைப் பார்த்தார்.

"ஆனா அந்த இடக்கண். ரெண்டாந் தெருவிலை பசை விட்டிட்டுது. மண்டபம் வரைக்கும் என்னையே பாத்துக்கொண்டு வந்தது. எனக்கு ராத்திரி நித்திரையில்லை."

"கிறில் எப்பிடி?" என்று கேட்டார் நீட்டுக் காரர்.