கிளிவெட்டியில் பூமி எவ்வளவு இழுக்கிறது?

சுமையாவின் வரைபடம் பிழை என்று காட்டத்தான் போன பங்குனியில் திருகோணமலைக்குப் போனேன். வெளியில் சொன்ன காரணம் வேறு. நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடம். பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் எவ்வளவு என்று அளந்து, நாட்டின் அடியில் என்ன பாறை கிடக்கிறது என்று அறிவது எங்கள் வேலை. திருகோணமலைக்குத் தெற்கே கிளிவெட்டியில் இழுவை கூடுதல், ஆழத்தில் கனத்த பாறை இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்தாள். பேராசிரியர் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டினார். வெளிநாட்டு மாநாட்டுக்கும் அவளைத்தான் அனுப்பப் போகிறார். எனக்கு வயிறு எரிந்தது.

காலை 6.40க்கு லிங்கநகரில், தங்கியிருந்த வீட்டு வாசலில் முதல் அளவு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும்; இரண்டும் ஒத்துப்போனால்தான் நடுவில் எடுத்தவை செல்லும். ஓட்டோவுக்கு நாள் வாடகை ஒன்பதாயிரம் ரூபா. குலுங்காமல் மடியில் வைத்திருக்க வேண்டிய ஈர்ப்பளக்கும் கருவியை, சுமையாவின் குறிப்பேட்டில் பிழை தேடும் ஆசையில் காலடியில் வைத்துவிட்டேன். கிண்ணியா தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது.

"கிளிவெட்டியில பூமி கூட இழுக்குதோ சேர்?" என்று கேட்டார், என் வேலையைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவந்த ஓட்டோக்காரர் நிசாம்.

"ஒருத்தி அப்பிடிச் சொல்லுறா. பொய்."

"அவவில என்ன கோவம்?"

குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

8.50க்கு கிளிவெட்டி வயலோரத்தில் அளந்தேன். எண் அவளுடையதைவிட நன்றாகக் குறைவு! அங்கேயே நின்று பேராசிரியருக்குப் போன் எடுத்து, "சேர், சுமையாவின்ர அளவு பிழை" என்றேன். அந்தச் சந்தோஷத்தில் நிசாமுக்கு இளநீரும் வாங்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் லிங்கநகரில் மறுபடி அளந்தால், காலையில் இருந்த எண் இல்லை. குலுங்கியதில் கருவி தடுமாறியிருக்கிறது. அன்றைய அளவு எதுவும் செல்லாது.

அடுத்த நாளும் நிசாம்தான். "இண்டைக்குப் பெட்டியைக் கீழ வைக்க ஏலாது, என்ன?"

"ஓம்" என்று மடியில் அணைத்துக்கொண்டேன். இந்த முறை லிங்கநகர் எண் இரண்டும் ஒத்துப்போயின. கிளிவெட்டி எண், சுமையாவின் எண்ணேதான்.

இந்தப் பக்கம் கருவியோடு போகிறவர்கள் விடியவே புறப்படுங்கள், காற்று எழும்பினால் அளவு ஆடும். தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பி வந்து அளக்கும்வரை ஒருவருக்கும் போன் எடுக்காதீர்கள்.

பேராசிரியருக்கு மறுபடி போன் எடுத்து, பிழை என்னுடையது என்றேன். அவர், "அதை அவவிட்டயே சொல்லும்" என்று வைத்துவிட்டார். நடந்ததை எல்லாம் சுமையாவுக்குச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "ஒரு ஆள் மட்டும் அளந்தா ஆக்கள் நம்பமாட்டாங்க. மாநாட்டுல உங்கட பேரையும் போடுறன்."

நன்றி சொன்னேன். அவளுக்கு இருந்த அந்தப் பெரிய மனதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.