குறைபாடு இல்லாத விரல்கள்

வில்ஃப் ரெய்ன் இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்தவர். சுரங்கத்தை மூடினார்கள். இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. அதன் அதிர்வு மட்டும் அவர் கையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குளிர் பட்டால் விரல்கள் மெழுகுவர்த்தி போல வெளுத்துப்போகும். தொட்டது சூடா, சில்லென்று இருக்கிறதா என்று தெரியாது. சட்டைப் பொத்தானை மனைவி டோரீன்தான் போட்டுவிடுவார்.

இழப்பீடு கேட்டார். ஒருநாள்கூடச் சுரங்கத்துக்குள் இறங்காத ஒரு மருத்துவர் பத்து நிமிடம் அந்த விரல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'குறைபாடு ஏதுமில்லை' என்று எழுதினார். அந்த ஒரு வரியை மாற்ற வில்ஃப் ஒன்பது வருடம் மனுப் போட்டார். உழைப்பை வாங்கும்போது கையை மட்டும் பார்க்கிறவர்கள், நியாயம் கேட்டு வந்தால் காகிதத்தை மட்டும் பார்க்கிறார்கள். கடைசி மேல்முறையீடும் மார்ச் மாதம் தள்ளுபடியானது.

மிச்சமிருந்தது வானொலி: வீட்டிலிருந்தபடியே அலைவரிசையில் முகம் தெரியாதவர்களோடு பேசும் பொழுதுபோக்கு. தொடக்கநிலை உரிமம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் கடையில் வாங்கிய கருவியில் மட்டுமே பேச அது அனுமதிக்கும். அவரோ இரண்டு குளிர்காலம் கொட்டகையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்து முடித்திருந்தார். விரல் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும். அதனால் கை போகும் இடமெல்லாம் கண்ணை நகர்த்தி நகர்த்திச் செய்தது அது. இடைநிலை உரிமம் கிடைத்தால்தான் அதில் பேச முடியும்.

அந்தத் தேர்வுக்காக அறுபத்திரண்டு வயதில் கணக்குப் பாடப் புத்தகத்தைத் திறந்தார். டோரீன் உருளைக்கிழங்கு தோலுரித்தபடி கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் கத்தியால் மேசையில் ஒரு தட்டு. எழுத்துத் தேர்வு அவரைப் பயமுறுத்தவில்லை. செய்முறைத் தேர்வுதான் பயம். தேர்வாளர் எதிரே உட்கார்ந்து, ஒரு சிறு மின்சுற்றைச் சால்டரிங் செய்து, அதாவது ஈயத்தை உருக்கி இணைத்துக் காட்ட வேண்டும்.

தேர்வாளர் மிசஸ் ஹெப்பிள் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. வில்ஃபின் கையைப் பற்றி அவருக்குத் தெரியும். கையில் குறை இருப்பதாக மருத்துவரிடம் கடிதம் வாங்கி வந்தால் போதும், நீங்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் செய்யலாம், விதியில் இடமிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கூடச் சுரங்கத்தில் வேலை பார்த்த கிளிஃப் உடனே முன்வந்தார்.

"என் கையை எடுத்துக்கோடா. தோட்டப் போட்டியில பரிசு வாங்குன லீக்ஸ் வெங்காயம் வளத்த கை."

"உன் கையில சால்டரிங் அயர்னைக் குடுத்தா அதையும் மண்ணுல நட்டு வச்சிருவ," என்றார் வில்ஃப்.

தேர்வு நாள் செவ்வாய் மதியம், தொழிலாளர் மன்றத்தின் மாடியறையில். வில்ஃப் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். மிசஸ் ஹெப்பிள் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல குறை இல்லன்னுல்ல போட்டிருக்கு?"

"ஆமா டீச்சர். என்கிட்ட இருக்குற டாக்டர் கடுதாசி இது ஒண்ணுதான். காசு கேட்டப்ப நல்லாயிருந்த கை, பரீட்சைன்னதும் கெட்டுப்போகுமா? நல்ல கையாவே செஞ்சுட்டுப் போறேன்."

இது வீம்பு என்று மிசஸ் ஹெப்பிள் சொன்னார். கிளிஃப் இன்னும் மோசமான வார்த்தையில் சொன்னார். வில்ஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் இரண்டு இணைப்புகளும் பளபளவென்று அமைந்தன. ஆசிரியைக்கே ஆச்சரியம். மூன்றாவதைத் தொடும்போது, மின்தடையின் அளவைக் குறிக்கும் நிறக்கோடுகளைப் படிக்கச் சொன்னார். வில்ஃப் தலையை நிமிர்த்தினார்.

"மஞ்சள், ஊதா, செவப்பு. நாலாயிரத்து எழுநூறு ஓம்."

சரியான விடை. அந்த மகிழ்ச்சியில், நிறங்களை மனப்பாடம் செய்ய டோரீன் சொல்லிக்கொடுத்த வழியை விவரிக்க ஆரம்பித்தார். கருகும் வாடை முதலில் பின்னால் உட்கார்ந்திருந்த கிளிஃபுக்குத்தான் வந்தது.

"வில்ஃப். கையை எடு."

வில்ஃப் குனிந்தார். இடதுகைச் சுண்டுவிரல் சூடேறிய சால்டரிங் அயர்னின்மேல் சாய்ந்திருந்தது. வேறு யாருடையதோ போல அதைப் பார்த்தார்.

மிசஸ் ஹெப்பிள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தேநீர் போடும் மூலைக்கு அவரை இழுத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டார். சூடான கருவியைப் பாதுகாப்பாகக் கையாள்வதும் தேர்வில் ஒரு பகுதி; அதில் தேறாதவரைத் தேறியவர் என்று எழுத அவரால் முடியாது. மருத்துவரிடம் சரியான கடிதம் வாங்கிக்கொண்டு கிளிஃபோடு மறுபடி வரலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். சொந்தக் கையால் தேறும் நாள் இனி வராது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

படிவத்தில் தேர்வை நிறுத்திய காரணத்தை எழுத வேண்டும். மிசஸ் ஹெப்பிள் தான் எழுதியதை வாசித்துக் காட்டினார்: 'விரல்களில் உணர்வு இல்லை. தீக்காயம் பட்டதைத் தேர்வர் அறியவில்லை. நேரில் கண்டேன்.'

வில்ஃப் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்.

"இதுக்கு ஒரு நகல் கெடைக்குமா, டீச்சர்?"

"மேல்முறையீட்டுக்கா?"

"அது மார்ச்சுலயே முடிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு?"

"டோரீன் பாக்கணும்."

நகலெடுக்கும் இயந்திரம் கீழே அலுவலகத்தில் இருந்தது. கிளிஃப் படிவத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.