கிழக்குப் பார்த்த படம்

அன்று எங்கள் வண்டிவீடான கரவனுக்குள் இருந்தவர்கள்: நான். கட்டிலில் என் மனைவி தவமணி. சுவரில் பிள்ளையார்.

போன குளிர்காலம். த பேசின் என்ற ஊருக்குக் கிட்ட, தெரிந்தவர் ஒருவரின் வெறும் காணி. அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. கரவன் கூரையில் சோலார், கட்டிலுக்கு அடியில் பற்றரி. அதில்தான் தவத்தின் ஒக்சிசன் மெசின் ஓடும். அவளுக்கு நுரையீரல் பழுது.

மகள் கிளிநொச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஏழு வருடமாகத் தாயைக் காணாத பிள்ளை. அவளை ஏற்ற மைத்துனன் சிவம் எங்கள் காரை எடுத்துக்கொண்டு எயார்போட் போய்விட்டான்.

பின்னேரம் காற்று அடித்தது. கரவன் ஆடியது. மெசின் நின்றது.

பியூஸ் எரிந்திருந்தது. புதிதாகப் போட்டேன். அதுவும் எரிந்தது. பிரிட்ஜ், லைட், பம்ப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போட்டேன். அப்போதும் எரிந்தது. கையில் ஒன்றுதான் மிச்சம்.

தவத்துக்குச் சின்ன ஒக்சிசன் சிலிண்டரைப் பூட்டினேன். அதன் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அம்புலன்சுக்கு அடித்தேன். பாதையில் மரம் விழுந்துவிட்டது, சுணங்கும் என்றார்கள். சிவத்துக்கு அடித்தேன்.

"பிள்ளையார்தான் பாக்கவேணும்" என்றேன்.

"அத்தான், அவர் பாக்கட்டும். நீங்கள் வயரைப் பாருங்கோ."

பார்த்தாயிற்று. என் படிப்புக்கு அவ்வளவுதான் தெரியும். கும்பிட்டேன். சுகம் கேட்கவில்லை. பிள்ளை வரும் மட்டும் மூச்சைத் தா என்றேன்.

தவம் கண் திறந்தாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையாரைக் கழட்டி என்ரை மடியிலை வையுங்கோ."

கழற்றினேன். மாட்டியிருந்த திருகாணி சூடாக இருந்தது. முறுக்கி எடுத்தேன். நுனி கருகியிருந்தது.

காலையில் நான் முறுக்கிய ஆணி. சாமி கிழக்குப் பார்க்கவேண்டும் என்று தவம் சொன்னாள். அதற்கு வசதியான சுவர் அது ஒன்றுதான். கண்ணாடிப் படம், பாரம். நீட்டு ஆணியாகப் போட்டேன். பின்னால் வயர் ஓடுவதை நினைக்கவில்லை. காற்றில் கரவன் ஆட, ஆணி நுனி வயரைக் கடித்துவிட்டது.

கடைசிப் பியூசைப் போட்டேன். எரியவில்லை. மெசின் மூச்சு விட்டது.

மகள் வந்தாள். தவம் அவள் முகத்தைத் தடவினாள். "மெலிஞ்சு போனாய்" என்றாள்.

அடுத்த கிழமை தவம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். மகள் கையைப் பிடித்தபடி.

கேட்டது கிடைத்தது. அதற்கு மேல் கேட்டிருக்கலாமோ என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் தவம் கோயிலுக்குள் போவாள், நான் காருக்குள் இருப்பேன். இப்போது உள்ளே போகிறேன். மனம் உடைந்தவர்கள் அவரிடம் கேளுங்கள். படத்தின் பின்னால் நின்றாவது காட்டுவார்.

மகள் ஊர் திரும்பிவிட்டாள். படம் மேசையில், கிழக்குப் பார்த்து இருக்கிறது. ஆணி இல்லை.

கரவனில் இப்போது இரண்டு பேர்.