பதினோரு உல்லன் தொப்பிகள்

எங்கள் தெருவில் ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரிந்தவள் அப்போது நான் ஒருத்திதான். அம்மா கைநாட்டு. அப்பா பஸ்ஸின் நிறத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பார். மருந்துச் சீட்டு, உர மூட்டை, சினிமா நோட்டீஸ் எது வந்தாலும் என் கைக்கு வரும். நான் வாசித்துச் சொன்னால் அது சரி. யாரும் மறுகேள்வி கேட்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அதில் எவ்வளவு கர்வம் என்பதை இப்போது எழுதும்போதுகூட மறைக்க முடியவில்லை.

குரோஷா பின்னல் பள்ளி விடுதியில் தொற்றிக்கொண்டது. எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்த ராஜபாளையத்துக்காரி சும்மா இருக்கும் நேரமெல்லாம் கொக்கி ஊசியால் சங்கிலி போட்டுக்கொண்டே இருப்பாள். பார்த்துப் பார்த்து நானும் போட்டேன். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது என் பெட்டியில் புத்தகங்களைவிட நூல் உருண்டைகள் அதிகம். டிவி உறை, வாசல் தோரணம், பச்சைக்கிளி என்று பின்னினேன். வீட்டில் இடம் தீர்ந்ததும் விற்க ஆரம்பித்தேன். ஏழாயிரம்பண்ணை டீச்சர்கள் இரண்டு பேர் வாங்கினார்கள். அத்தோடு நின்றுபோனது. எங்கள் பக்கம் டிவிக்கு உறை போடும் வீடுகள் எத்தனை இருக்கும்?

தொப்பி யோசனை அம்மாவின் தலையைப் பார்த்து வந்தது. அவள் பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிறவள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது அலுமினியப் பொடி ஏறி முடியெல்லாம் வெள்ளி பூசியதுபோல் இருக்கும். பழைய துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போவார்கள். குனிந்து நிமிர்ந்தால் அது சரிந்துவிடும். நான் உல்லன் நூலில், காதை மூடாமல், கொண்டையோடு சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு தொப்பி பின்னினேன். இளஞ்சிவப்பில், ஓரத்தில் வெள்ளைப் பூ வைத்து. அம்மா போட்டுக்கொண்டு போனாள். அந்த வாரமே அவளோடு வேனில் போகிற பத்துப் பெண்களும் கேட்டார்கள்.

"எனக்கு ராமர் பச்சை, தாயி. எங்க வீட்டுக்காரரு கூட்டத்துலயும் அடையாளம் கண்டுக்கிடணும்."

"அடையாளம் கண்டா ஓடிருவாரு, மதினி."

சிரிப்பும் கேலியுமாக ஆர்டர் வந்தது. முதல் தொப்பிக்கு வாங்கிய அதே சிவகாசிக் கடையில் அதே நூலை வாங்கினேன். உருண்டையைச் சுற்றியிருந்த அட்டையில் ஆங்கிலத்தில், நூறு சதவீதம் அக்ரிலிக் என்று போட்டிருந்தது. ஒரு அக்கா கேட்டாள்: "அப்படின்னா என்ன ரகம்?" எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "உசத்திக் கம்பளிக்கா. நூத்துக்கு நூறு" என்றேன்.

கம்பெனிக்கு நைலான் சேலை கட்டிக்கொண்டு போகக்கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பருத்திதான். வாசலில் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை அறை வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மாவும் மற்றவர்களும் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், கோயில் படியைத் தொடுவதுபோல. சின்ன வயதில் கேட்டபோது, "அம்மன் தகடுத்தா. தொடாமப் போனா கோவிச்சுக்கிடும்" என்று சொல்லியிருந்தாள். நானும் அதை அம்மன் கணக்கிலேயே விட்டுவிட்டேன். இயற்பியலில் நிலைமின்னியல் பாடத்தை ஒரு வரி விடாமல் ஒப்பித்தவள் நான். அந்தப் பாடமும் இந்தத் தகடும் என் தலைக்குள் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை.

மாசி மாதம் ஒரு காலை. காற்று காய்ந்து, உதடு வெடிக்கிற பருவம். வேன் போய் வெகு நேரமாகியிருந்தது. விருதுநகரில் ஒரு கடைக்கு மாதிரி காட்டுவதற்காகப் பன்னிரண்டாவது தொப்பியை முடித்தேன். தலைக்குக் குளித்து முடி நன்றாக உலர்ந்திருந்தது. அளவு பார்க்கப் போட்டுவிட்டு, வெடுக்கென்று கழற்றினேன்.

சடசடவென்று சத்தம். காதோரம் சுருக்கென்றது. முடியிழைகள் எழுந்து கன்னத்தில் ஒட்டின.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஸ்கேலைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை எழுப்புவோமே, அந்த ஞாபகம். தொப்பியைத் திரும்பவும் தலையில் தேய்த்துக் கையருகே கொண்டுபோனேன். மறுபடியும் சடசட. மூன்றாவது முறை தேய்க்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. உடம்பில் ஏறிய மின்சாரத்தை நிலத்தில் இறக்கத்தான் அந்தச் செம்புத் தகடு என்பது அப்போதுதான் உறைத்தது. நைலான் சேலை ஞாபகம் வந்தது. அட்டையை எடுத்து அந்த ஆங்கில வார்த்தையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஆட்டின் பெயரோ பருத்தியின் பெயரோ அதில் எங்கும் இல்லை.

அம்மா பத்து மணி டீக்குத் தொப்பியைக் கழற்றுவாள். மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கழற்றி, அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவதாகப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு ஆறுதலாகவே இல்லை. இன்றைக்குக் காற்று இப்படிக் காய்ந்திருந்தது.

கடிகாரம் ஒன்பதேகால் காட்டியது. கம்பெனி போன் நம்பர் வீட்டில் இல்லை. அடுத்த பஸ் பத்தரைக்கு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை எடுத்தேன். கம்பெனி நாலு மைல். பருத்திக் காட்டுக்கும் வேலிக்கருவேலத்துக்கும் நடுவில் வண்டித்தடம். எதிர்க்காற்று. மிதிக்க மிதிக்க, என் கண்ணுக்கு ஒவ்வொரு தொப்பியாகத் தெரிந்தது. இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள். எல்லாவற்றையும் என் கையால் பின்னி, அளவு பார்த்து, நானே ஒவ்வொருத்தி தலையிலும் மாட்டியிருந்தேன்.

பாதி வழியில் தொம்மென்று ஒரு சத்தம்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரித்தான் அசைவார்கள். பேச்சு நிற்கும். கண் திசை தேடும். அப்புறம் புகை. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு நடுத்தடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். கம்பெனி இருக்கும் திசை சுத்தமாகக் கிடந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வரப்பிலிருந்து கத்தினார்: "குவாரி வெடி, ஆத்தா! பயப்படாதே!" மறுபடி ஏறி மிதித்தேன்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"யாரு மகத்தா நீ? இங்கன எங்க ஓடியாற?"

"எங்கம்மா உள்ள இருக்காக. உடனே பாக்கணும்ணே."

"அது இருக்கட்டும். தலையில என்ன கம்பி?"

தொட்டுப் பார்த்தேன். குரோஷா ஊசி. பின்னும்போது கொண்டையில் செருகுவது என் பழக்கம். அப்படியே வந்திருக்கிறேன். ஆணிகூட உள்ளே போகக்கூடாத இடத்துக்கு, இரும்பு ஊசியோடு. அவர் இரண்டு விரலால் அதை உருவித் தன் மேசை டிராயரில் போட்டார். "படிச்ச பிள்ளையாட்டம் இருக்க. வீட்டுல எதும் துக்கமா?"

இந்த இடத்தில் நான் செய்ய நினைத்ததைச் சொல்லியாக வேண்டும். துக்கம் என்று சொல்லி அம்மாவை மட்டும் வெளியே கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் வந்ததும் காதோடு சொன்னால், அவள் உள்ளே போய் மற்றவர்களைக் கழற்றச் சொல்லிவிடுவாள். போர்மேனுக்குத் தெரியாது. யாருக்கும் வேலை போகாது. என் பெயரும் கெடாது. "ஆமா" என்று வாய் திறந்தபோதுதான் விளங்கியது: கழற்றச் சொன்னால் அங்கேயே, மருந்துக்கு மேலேயே, வெடுக்கென்று இழுப்பார்கள். கழற்றும்போதுதான் பொறி. தலையில் இருக்கும்வரைதான் அது தொப்பி.

"போர்மேனைக் கூப்பிடுங்கண்ணே. டீ மணி அடிச்சிராதீக. உங்க கால்ல விழுறேன், மணி மட்டும் அடிச்சிராதீக" என்றேன்.

போர்மேன் வந்தார். நான் எங்கே ஆரம்பித்தேன், என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அக்ரிலிக் என்றது அவருக்குப் புரியவில்லை. "நைலான் மாதிரி சார். கழட்டுனா பொறி பறக்குது. என் தலையில பறந்துச்சு" என்றதும் அவர் முகம் மாறியது.

"கம்பளின்னு சொல்லித்தானே உள்ள விட்டோம்? ஒங்கம்மாதானே, எம் மக படிச்சவ, அட்டையில வாசிச்சுப் பாத்துச் சொன்னான்னுச்சு?"

"நான்தான் சார் தப்பாச் சொன்னேன்."

"எத்தனை?"

"பதினொண்ணு."

என் செருப்பைக் கழற்ற வைத்து வேப்பமரத்தடி வரை கூட்டிப்போனார். அதற்கு மேல் விடவில்லை. ஒவ்வோர் அறை வாசலாகப் போய் நின்று, கத்தாமல், குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் சொன்னார்: "கைவேலைய அப்படியே விடுங்க. மெதுவா எந்திரிங்க. ஒருத்தரும் தலையில கை வைக்கக்கூடாது. தகட்டத் தொட்டுட்டு ஒவ்வொருத்தரா வெளிய வாங்க."

வந்தார்கள். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வெள்ளி பூசிய முகங்களோடு, என் பூ வைத்த தொப்பிகளோடு. அவ்வளவு பயத்திலும் ஒவ்வொருத்தியும் குனிந்து தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனாள். கண்ணுக்கு மேலே தொப்பி இருந்தது. நான் மரத்தடியிலிருந்து "கண்ணுல ஒத்தாதீங்க, கண்ணுல ஒத்தாதீங்க" என்று அலறினேன். பச்சைத் தொப்பி மதினிக்கு நெற்றி அரித்தது போலிருக்கிறது, கை பாதி உயர்ந்தது. போர்மேன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மரத்தடிவரை கல்யாணப் பெண்ணைப் போல நடத்தி வந்தார்.

அம்மா கடைசி. என்னைப் பார்த்ததும், "அப்பாவுக்கு என்னடி?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அப்படியே நில்லும்மா."

தீக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரை எடுத்து அவள் தலையில் ஊற்றினேன். நனைந்தால் பொறி வராது என்பது மட்டும் படித்ததில் உருப்படியாக ஞாபகம் வந்தது. அம்மாவோடு சேர்த்துப் பத்துப் பேர் தலையிலும் ஊற்றிவிட்டு, நானே ஒவ்வொரு தொப்பியாக உரித்தெடுத்தேன். சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"வேலைக்கு வந்த எடத்துல தலைக்கு ஊத்திவிட்டுட்டா, பாத்தியா!" என்றாள் பச்சைத் தொப்பி மதினி. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

மிச்சமிருந்த பதினோராவது பெண் தலையில் துண்டுதான் இருந்தது.

"உங்க தொப்பி எங்கக்கா?"

"எம். புதுப்பட்டி நாத்தனா வந்தா. ஆசையாக் கேட்டா. குடுத்துவிட்டேன். அவளும் கம்பெனிக்குத்தான போறா."

அவர்கள் எல்லோருக்கும் அன்றைய ஒருநாள் கூலி போயிற்று. போர்மேன் மறுநாள் வரச் சொல்லிவிட்டார். என்னிடம், "இனி ஒம் பின்னல் பொழப்பெல்லாம் இந்தக் கேட்டுக்கு வெளியதான்" என்றார். ஊசியைத் திரும்பக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஈரச் சேலையோடு அம்மாவும் நானும் எம். புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினோம். அந்தப் பயணத்தில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அட்டையில நைலானுக்குப் பங்காளின்னு போடலையா?"

"போடலைம்மா."

"பெறகு என்னத்துக்கு அதுல எழுத்து?"

தெரியாது என்று சொன்னேன். அவளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நாத்தனார் வீடு பூட்டிக் கிடந்தது. கம்பெனிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி வழி காட்டினார்கள். அந்தக் கம்பெனி வாசலில் எங்களை யாருக்கும் தெரியாது. போன் போட்டுச் சொல்லக்கூட நம்பர் இல்லை. அம்மா வாசல்காரரிடம் மன்றாடிக்கொண்டிருந்தபோது நான் வேலிக் கம்பியைப் பிடித்தபடி கூரைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தக் கூரைக்கடியில் என் நூல் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நாத்தனார் வெளியே வந்தாள். தலையில் துண்டு.

"தொப்பியா? அதப் போட்டா கிறுக்கி மாதிரி இருக்குன்னு எம் மக சிரிச்சா. வெங்காயம் போட்டு அடுப்படியில தொங்கவிட்டுட்டேன். ஓட்டை ஓட்டையா இருக்கா, நல்லாக் காத்தாடுது. ஏன், திருப்பி வேணுமா?"

அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் ஊசி எடுக்கவில்லை. எடுத்தபோது வெங்காயப் பைதான் பின்னினேன். ராஜபாளையம் மில்லில் கழித்துப் போட்ட பருத்தி நூலில், வாயை இழுத்துக் கட்டக் கயிறு வைத்து. விருதுநகர் கடைக்காரர் மாதிரி பார்த்துவிட்டு, சந்தைப் பை, தண்ணீர்ப் பாட்டில் பை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் தொழில் என்று நான் இப்போது நிமிர்ந்து சொல்வது அதைத்தான். இன்றுவரை அட்டையை நம்பி நூல் வாங்குவதில்லை. ஒரு முழம் அறுத்து, கடையை விட்டு எட்ட வந்து, தீக்குச்சி வைத்துப் பார்ப்பேன். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், விரலில் தேய்த்தால் உதிரும். மற்றது உருகி மணியாகச் சுருளும். கடைக்காரர்கள் திட்டுவார்கள்.

ஒரு வருஷம் கழித்து அம்மா அதே கம்பெனியிலிருந்து சேதி கொண்டுவந்தாள்: பருத்தியில் தொப்பி கிடைக்குமா என்று போர்மேன் கேட்கிறாராம். முடியாது என்றேன். "துண்டு சரியுதுடி" என்றாள். ஒரு வாரம் அதையே சொன்னாள்.

பின்னினேன். நூல்கண்டின் தலைப்பில் ஒரு முழம், நடுவில் ஒரு முழம், முடிவில் ஒரு முழம் எரித்துப் பார்த்த பிறகு. தெரு முனையில் குந்தி அந்தச் சாம்பலை அம்மாதான் தேய்த்துப் பார்த்தாள். மறுநாள் காலை அந்த வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். நான் வீட்டுக்குள் வந்து ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். பத்து அடித்தது. பத்தேகால் ஆயிற்று. தெருவில் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. அதன் பிறகுதான் அடுத்த தொப்பிக்கு முதல் சங்கிலி போட்டேன்.