ஆர்ச்சுக்குத் தலையாட்டினோம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதி வேறு. போன வாரம் இந்தப் பத்தியில் பஸ் நம்பரையே மாற்றி எழுதிவிட்டேன், படிக்கிற நீங்கள்தான் திருத்தினீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கோபத்தில் எழுதுகிறேன்... இன்னும் எத்தனை பிழை வருமோ!

சிங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் தனிக் கக்கூஸ் கிடையாது. தெருக்கோடியில் பெண்களுக்கு ஒரு பொதுக் கக்கூஸ் உண்டு — கதவு இல்லாமல். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே சேலையை விரித்துப் பிடித்து நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு ரெஜினா எட்டு மாசக் கர்ப்பிணி. அவளுக்குச் சேலை பிடிப்பது நான்தான்.

பல வருஷம் கழித்து எலெக்ஷன் நடந்து, இப்போதுதான் கவுன்சிலர் என்று ஒருவர் வந்திருக்கிறார். தெருவுக்கு முதலில் என்ன வேண்டும் என்று நாமே சொல்லலாமாம், அவர் கவுன்சிலில் வைப்பாராம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். முந்தின நாளே குழாயடியில் பெண்கள் பேசி முடிவு செய்தோம். கதவும் தண்ணீரும்தான், வேறொன்றும் கேட்பதில்லை. வயசில் மூத்தவள் என்று என்னைப் பேசச் சொன்னார்கள்.

"பெரிம்மா, நெசமாப் பேசுவீங்களா? ரேசன் கடையில சக்கரை கொறஞ்சாக்கூட வாயத் தொறக்க மாட்டீங்களே!" என்று ரெஜினா சிரித்தாள்.

"பேசறேன் கண்ணு."

கவுன்சிலர் வந்தார். நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே — வந்தவரை உட்கார வைத்து, வயிற்றுக்கு ஏதாவது கொடுக்காமல் விஷயத்துக்குப் போக மாட்டோம். ரெஜினாதான் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் ஆரம்பித்தார்.

"தெரு மொகப்புல ஒரு ஆர்ச் கட்டிப்போடலாமுங்க. லைட்டெல்லாம் போட்டு... ரோட்டுல போறவங்க நின்னு பாக்கோணும். என்னங்க சொல்றீங்க?"

நாங்கள் என்ன சொன்னோம்? "நல்லதுங்க" என்றோம். ஒருத்தர் மிச்சமில்லாமல்! தேடி வந்த மனுஷர் ஆசையாக ஒன்று சொல்லும்போது முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதலில் அவர் பேச்சுக்கு மரியாதை. நம் பேச்சு அப்புறம். அப்படித்தானே பழகியிருக்கிறோம்?

அந்த அப்புறம் வரவே இல்லை. "ஏனுங்க, இன்னொண்ணுங்க..." என்று நான் எழுந்தேன். "எல்லாம் பாத்துக்கலாமுங்மா" என்று கும்பிட்டுக் கிளம்பிவிட்டார். நாங்களும் தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தோம்!

ரெண்டு நாள் கழித்து, விடிகாலை. நான் சேலை பிடித்து நிற்கிறேன். சைக்கிளில் போன எவனோ டார்ச் அடித்து, விசிலும் அடித்தான். பதறி எழுந்த ரெஜினா வழுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து ரெஜினா சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே! வயிற்றுப் பிள்ளைக்காரி, நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே வார்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே முழுக்க ஆம்பிளைகள்.

"எங்களுக்கு ஆர்ச் வேண்டாமுங்க. கக்கூசுக்குக் கதவு வேணுமுங்க!"

என் குரல்தானா அது?

கவுன்சிலர் நெளிந்தார். "மெதுவாப் பேசுங்மா. அன்னிக்கு அத்தன பேரும் நல்லதுங்கன்னுதானே சொன்னீங்க?"

"வந்தவருக்கு மரியாதை குடுத்தமுங்க. நீங்க அதை ஓட்டா எண்ணிப்போட்டீங்க!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஆர்ச்தான் முதல்லன்னு மேல எழுதி அனுப்பியாச்சுங்மா. இனி மாத்த வழியில்லீங்க."

வழியில்லையா? ஆர்ச்சுக்கு லைட் போடக் காசு இருக்கிறது, ஒரு கதவுக்கு வழியில்லை! ரோட்டில் போகிறவன் நின்று பார்க்க வேண்டுமாம். அதுதான் இப்போதே டார்ச் அடித்துப் பார்க்கிறானே!

கவுன்சில் இன்னும் கூடவில்லை. புதன்கிழமை கூடுகிறது என்று சொன்ன ஞாபகம், வியாழனாகவும் இருக்கலாம். கூடுவதற்கு முன்னால்கூட மாற்றக்கூடாது என்று நிஜமாகவே சட்டம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

சீக்கிரம் எழுதுங்கள். ரெஜினாவுக்குத் தாகமாக இருக்கிறது.