சட்டியில் ஒரு முள்ளுக்காடு

ராமநாதபுரத்துப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்க் காரைக்காலுக்குத் திரும்பிய என் மனைவி, ஒரு பை நிறையச் செம்மண்ணும் சரளையும் கொண்டுவந்தாள். அகலமான மண்சட்டியில் அதைப் பரப்பி, விரல் நீளப் பிரண்டை, கற்றாழைக் குட்டி, நடுவில் நாலு பட்டையாக நிமிர்ந்து நிற்கும் கள்ளிமுளையான் என்று நட்டாள்.

"இதுதாங்க எங்க ஊரு முள்ளுக்காடு. இந்தக் கள்ளிமுளையான் இங்க பூத்துட்டா, நானும் காரைக்கால்காரிதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பூக்காவிட்டால்?

எட்டாவதோடு படிப்பை விட்டு வயலில் இறங்கியவன் நான். பயிர் வாடினால் எனக்குத் தெரிந்த வைத்தியம் தண்ணீர் கட்டுவதுதான். அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் பஸ் ஏறியதும் தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். சட்டியின் அடி ஓட்டை வழியே அவ்வளவும் ஓடிவிட்டது. மனசு கேட்கவில்லை. மடை அடைப்பதுபோல அதைக் களிமண் வைத்து அடைத்தேன்.

பத்தே நாளில் கள்ளிமுளையானின் அடித்தண்டு கொழகொழத்துப் போயிற்று. சாயங்காலம் அவள் வந்ததும் ஒத்துக்கொண்டேன். சட்டியைத் தூக்கி அடியில் பார்த்தவள், சிரிப்பு தாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இதுல குறுவை நெல்லா போட்டுருக்கீங்க?"

"செத்துப்போச்சாம்மா?"

"மேப்பாதி நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பாதியை அறுத்து, வெட்டுவாய் காயட்டும் என்று ஒரு வாரம் ஜன்னலோரம் வெறுமனே போட்டுவைத்தாள்.

"பட்டினி போட்டா பொழைக்குமா?"

"பொழைக்கும். நீங்க தள்ளி நின்னா போதும்."

களிமண்ணைக் குடைந்தெடுத்து, மண்ணை உலர்த்தி, மறுபடி நட்டாள். ஐப்பசி மழையில் சாரல் படுமோ என்று நாளைக்கு நாலு தடவை சட்டியை இடம் மாற்றினேன். "செடிக்குத் தலை சுத்தப்போவுது" என்றாள். அவள் பேச்சில் எங்கள் ஊர்ச் சாயல் ஏறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மார்கழியில் ஒரு காலை, தண்டின் நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு பூ. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. மோந்தால் லேசான கவிச்சி. வேலைக்குக் கிளம்பியவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓர் ஈ வந்து பூவைச் சுற்றியது. நான் துண்டை ஓங்கினேன்.

"ஐயோ, விடுங்க. அது வந்தாத்தான் காய்க்கும்."

பஸ் போய்விட்டது. வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தாள்.

"ஒரே ஒரு ஈ போதுமாம்மா?" என்று கேட்டேன். முதுகில் ஓர் அடி விழுந்தது.